ஆழம் அறியாத மேடை

பாசிர் ரிஸ் போன்ற கடற்கரையில் குதிமேடை அமைத்தால் இளைஞர்க்குத் துணிவு வளரும் அன்றோ என வாதிடுவார்க்கு ஓதமே விடை கூறும்.

சிங்கப்பூர்க் கடலில் நாள்தோறும் பெரும்பாலும் இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் இவ்வேற்ற இறக்கம் ஏறத்தாழ 3 மீட்டரை எட்டும். காலையில் தலையை மறைத்த நீர், நண்பகலுக்குப் பின் முழங்காலளவும் இராது. மேடையோ நின்ற இடத்திலேயே நிற்கும்! 5 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவன் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வேகத்தில் வீழ்கிறான். 'பாசிர்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு மணல் என்பது பொருள். அம்மணலில் தலை மோதினால் கழுத்து முள்ளெலும்பு முறியும். தண்டுவடம் சிதைந்தால் கை கால் வாழ்நாள் முழுதும் இயங்கா.

எச்சரிக்கைப் பலகை போதும் என்பார் உளர். நான்கு மொழிகளில் எழுதினும் பலகை ஆழத்தைக் கூட்டுமா? பிரான்சு நாட்டுச் சான் மாலோவில் 1937இல் அமைந்த கடற்குளத்தைக் காண்க. கடல் வற்றினும் அதன் சுவர் நீரைத் தேக்கி வைக்கும். அந்நீரில்தான் குதிமேடை நிற்கிறது. நீருக்கு உறுதி செய்த பின்னன்றோ மேடை!

ஆழமறியாமல் காலை விடாதே என்றனர் முன்னோர். தலையை விடுவதற்கு மேடை கட்டுவது எவ்வகை அறிவு?