மேலேயிருந்து பார்க்கிற கண் யாருடையது?

காட்டைக் காப்பாற்ற வானத்தில் கண் வைத்துவிட்டோம் என்கிறார்கள். நல்லதுதான். மரத்தை வெட்டிக் கடத்துறவன் பிடிபட்டால் நமக்கென்ன வருத்தம்? ஆனால் தோழர்களே, ஒன்றைக் கேட்டுவைப்போம்: அந்தக் கண் யார் முகத்தில் இருக்கிறது?

செயற்கைக்கோளைத் தூக்கி எறியச் சொல்லி நான் இதை எழுதவில்லை. பிரேசில் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் அமேசான் காட்டழிவை 1988 முதல் ஆண்டுதோறும் படம் பார்த்துக் கணக்கிடுகிறது. எங்கே வெட்டு விழுகிறது என்று உடனுக்குடன் சொல்லும் ஏற்பாடு 2004இல் வந்தது. அந்த ஆண்டு 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு அழிந்தது. 2012இல் அது 4,600க்கும் கீழே இறங்கியது. படம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. தரையில் சோதனை, அபராதம், விதி மீறியவர்களுக்குக் கடன் மறுப்பு எல்லாம் சேர்ந்துதான் சாதித்தன. 2019இல் அழிவு கூடியதாக அதே நிறுவனம் சொன்னபோது போல்சொனாரோ ஆட்சிக்குப் பொறுக்கவில்லை. நிறுவனத் தலைவர் ரிக்கார்டோ கல்வாவோ பதவி இழந்தார். ஊரறிய வெளியிடப்படும் படம் அதிகாரத்தையும் உறுத்தும்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் ஈராண்டுக்கொருமுறை காட்டுக் கணக்கு கொடுத்துவருகிறது. 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி காட்டுப் பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர்; நாட்டின் பரப்பில் 21.76 சதம். எது காடு? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரக்கவிகை 10 சதம் இருந்தால் போதும், அது காடு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. பழத்தோட்டமும் காடுதான், பனந்தோப்பும் காடுதான். பழைய காட்டை அழித்துத் தைலமரம் நட்டாலும் கொஞ்ச வருஷத்தில் படம் பச்சையாகிவிடும். கணக்கு நேராகிவிடும்.

ஆனால் மரத்தடியில் உழுகிறவன் அந்தப் பச்சைக்குள்ளே காணாமல் போயிடுவான். இந்தக் கணக்குக்கு எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட இடம். அரை ஏக்கர்க்காரன் வாழ்க்கை மொத்தமும் நாலு புள்ளி.

குஜராத்தில் நடந்ததைப் பாருங்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி ஆதிவாசிகள் கொடுத்த மனுக்களை, படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று தள்ளினார்கள். படத்தை மட்டும் வைத்துத் தள்ளக்கூடாது என்று 2013இல் அம்மாநில உயர்நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. 2012இல் திருத்திய விதிகளிலும் இது இருக்கிறது: படம் மற்றச் சாட்சியங்களுக்குத் துணை, மாற்று அல்ல. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிவைத்தால் அதுவும் சாட்சியம்தான்.

2019 பிப்ரவரி 13இல் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? மனு தள்ளப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்னது. ஆக்கிரமிப்பு எங்கே, வெளியேற்றிய பிறகு நிலைமை என்ன என்று செயற்கைக்கோள் ஆய்வு நடத்திக் காட்டும்படி வன அளவை நிறுவனத்தைக் கேட்டது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியபின், 28ஆம் தேதி வெளியேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்தாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடத்தல்காரனைப் பிடிக்க வந்த கண், குடிசை காலியாச்சா என்று எண்ணப் போயிருக்கும்.

இதில் தலித்துகளுக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காட்டோரம் உழுது, விறகு பொறுக்கிப் பிழைக்கிற தலித்துகள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. இந்தச் சட்டத்தில் அவர்கள் ‘பிற பாரம்பரிய வனவாசிகள்’. 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை அவர்கள் நிரூபிக்க வேண்டும். அதாவது 1930லிருந்து. மனிதன் முதல் செயற்கைக்கோளை ஏவியதே 1957இல். நிலத்தைப் படமெடுக்கும் லேண்ட்சாட் வரிசையின் முதல் கோள் போனது 1972இல். 1930இல் நம்ம பாட்டன் எங்கே உழுதான் என்று எந்தக் கோள் வந்து சொல்லும்? காகிதமாவது இருக்கிறதா? எழுதுகிற கணக்குப்பிள்ளை யார், எழுதப்படாமல் விடப்பட்டவன் யார் என்பது நமக்குத் தெரியாததா?

எழுதியிருந்தாலும் என்ன ஆச்சு? 1892க்குப் பிறகு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் பதிவேட்டில் ஏறிய நிலம்தான். பிறர் கைக்குப் போகவில்லையா? பதிவேடு அவன் பீரோவில் இருந்தது. நாளைக்குப் படமும் அவன் கணினியில் மட்டும் இருந்தால் அதே கதைதான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு கிராம சபைக்கும் அதன் எல்லைக்குட்பட்ட படங்கள், பழசும் புதுசும், இலவசமாகக் கிடைக்கவேண்டும். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் அணைக்கும் தாரைவார்த்த காடு அதே படத்தில் குறித்துக் காட்டப்படவேண்டும். 75 ஆண்டு நிபந்தனையை நீக்கவேண்டும். ஆதிவாசிகளுக்குள்ள 2005 டிசம்பர் 13 என்ற வரம்பே மற்றவர்களுக்கும் போதும். இதில் ஆதிவாசிக்கும் தலித்துக்கும் போட்டியில்லை. இரண்டு பேரையும் வெளியே தள்ளுகிற கை ஒன்றுதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. படம் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குஜராத்திலேயே ஆதிவாசிகள் கருவியைக் கையில் பிடித்துத் தங்கள் வரப்பைத் தாங்களே நடந்து அளந்திருக்கிறார்கள். தள்ளப்பட்ட மனுக்களுக்கு அந்த அளவையே சாட்சியமாக வைத்தார்கள். அதே வேலையை நம் மலையடிவாரங்களிலும் செய்ய ஆள் வேண்டும்.