பப்பாளிக்குத் தடை, புச்காவுக்கு அனுமதி!

கொல்கத்தாவில் எங்கள் மேல்வீட்டில் இருக்கும் நம்மூர்ப் பெண்ணுக்கு இது ஆறாவது மாதம். ஊரிலிருந்து மாமியார் தினமும் போன். "பப்பாளி தொடாதே, எள்ளு வேண்டாம், அன்னாசி ஆகாது." அவளும் அப்படியே கேட்கிறாள். ஆனால் சாயங்காலமானால் தெருமுனை புச்கா உண்டு! இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறாள். போன வாரம் ரிப்போர்ட்டைப் பார்த்து என் மனைவி பதறிவிட்டாள். ஹீமோகுளோபின் 9. குறைந்தது 11 இருக்க வேண்டும்.

பெரியவர்களைக் குறை சொல்லவில்லை. பப்பாளிக்காயில் இருக்கும் பால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கலாம் என்பதால் காயைத் தவிர்ப்பது சரிதான். நன்றாகப் பழுத்த பழத்துக்கு அந்தப் பயம் தேவையில்லை. எள்ளில் இரும்பும் கால்சியமும் இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்?

பயப்பட வேண்டியது வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காபியும் டீயும் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நல்லது. புச்கா தண்ணீர் சுத்தமில்லையென்றால் ஹெபடைட்டிஸ் ஈ என்னும் மஞ்சள்காமாலை வரலாம். கடைசி மூன்று மாதங்களில் அது தாயின் உயிருக்கே ஆபத்து. காய்ச்சாத பாலும் நறுக்கி வைத்த பழமும் வேண்டாம்.

ஊரிலிருந்து போன் பேசும் அம்மாக்களே, அடுத்த முறை "பப்பாளி சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மாத்திரை போட்டியா? காபி எப்போ குடிச்சே?" என்றும் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் எப்படி?