என் மாட்டு மேல் ஒரு கம்ப்ளெயின்ட்

போன மாதம் என் மாடு கத்துகிறது என்று போலீசுக்குப் போன் போய்விட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து கட்டுத்தறியில் சாணி வழித்துக்கொண்டிருந்தேன். பைக்கில் ஒரு போலீஸ்காரர் வந்தார். சின்னப் பையன், என் மகன் வயசுதான் இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏனுங்கண்ணா, உங்க மாடு ராத்திரியெல்லாம் சத்தம் போடுதாமா? 100-க்குப் போன் வந்திருக்குதுங்க" என்றார். "ஆமாங்க, போடுது" என்றேன். மோர் கொடுத்தேன், குடித்தார். "கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மாடு ஏன் கத்தியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது கலப்பின ஜெர்சி, மூணாவது ஈத்து. போட்டது காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர், பாரத்துக்கு டெம்போ என்று ஆகிவிட்ட காலத்தில் காளைக்கன்றை வைத்து நான் என்ன செய்ய? இரண்டு மாதம் பால் விட்டு வளர்த்து வியாபாரியிடம் கொடுத்துவிட்டேன். கன்றை வண்டியில் ஏற்றிய அன்று சாயங்காலம் கத்த ஆரம்பித்தது. மூன்று ராத்திரி. தட்டு தின்னவில்லை, பாலும் பாதியாகக் குறைந்துபோனது. இரண்டாவது ராத்திரி என் வீட்டுக்காரி எழுந்து போய் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கன்றை விற்றவன் நான். அந்தக் கதறலைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவனும் நான். எனக்கு மட்டும் அது தாலாட்டாகவா இருந்திருக்கும்?

போன் போட்டவர் கிழக்குத் தோட்டத்துக்காரர். என் பங்காளியிடம் இருந்த இரண்டரை ஏக்கரை நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கினார், கோயமுத்தூர்க்காரர். வெள்ளாமை போன இடத்தில் இப்போது புல்தரை, எட்டடிச் சுவர், மாடி வீடு. மனுசன் கெட்டவர் இல்லை. கிரகப்பிரவேசத்துக்கு வீடு தேடி வந்து அழைத்தார், என் அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டார். அன்றைக்கு என்னிடம், "கிராமத்து அமைதி வேணும்னுதாங்கண்ணா இங்க வந்தோம்" என்றார்.

இந்த அமைதி என்கிற சரக்கை நகரத்தில் யார் விற்கிறார்களோ தெரியவில்லை. எங்களிடம் அது ஸ்டாக் இல்லை. மூன்றரைக்குச் சேவல். நாலரைக்கு நான் பால் கறக்க எழுந்து பக்கெட்டை உருட்டுவேன். ஐந்தேகாலுக்குப் பால் வண்டி. விடிந்தால் மயில். அதன் குரலைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும், கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கும். அது தேசியப் பறவை, சட்டம் காவல் இருக்கிறது. என் நிலக்கடலையைத் தோண்டித் தின்றுவிட்டு அவர் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்று அகவுகிறது. அதன் மேல் இதுவரை கம்ப்ளெயின்ட் கொடுக்கவில்லை. போட்டோ எடுத்துப் போடுகிறார்.

மாடு மூன்றாவது வழக்கு. முதல் வழக்கு சேவல் மேல். "வேற எடத்துல அடைச்சு வெக்க முடியுமாங்களா" என்று வேலைக்கார அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பினார். இரண்டாவது, தட்டு வெட்டுகிற மிஷின். காலை நாலரைக்கு அதைப் போட்டு நறுக்கி மாட்டுக்கு வைத்துவிட்டுத்தான் பால் கறப்பேன். தின்னக் கொடுத்தால் மாடு அசையாமல் நிற்கும்.

மிஷின் விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலமே நறுக்கிக் கூடையில் போட்டு வைத்தால் காலையில் அந்தச் சத்தமே தேவையில்லை. இருபது வருஷப் பழக்கம், அதனால் அப்படிச் செய்துகொண்டிருந்தேன், வேறு காரணம் கிடையாது. இப்போது ஆறு மணிக்கு முன்னால் அதைப் போடுவதில்லை. அதில் சுவிட்ச் இருக்கிறது, அது என் கையில் இருக்கிறது. சேவல் தொண்டையில் சுவிட்ச் எங்கே இருக்கிறது? கன்றைத் தேடுகிற மாட்டுக்கு எதை அமுக்கினால் அது நிற்கும்? என் கணக்கு இதுதான்: சுவிட்ச் இருக்கிற சத்தத்துக்கு அதன் சொந்தக்காரன் பதில் சொல்ல வேண்டும். சுவிட்ச் இல்லாத சத்தத்தோடு குடியிருக்க முடியாதவர்கள் நிலம் வாங்குவதற்கு முன்னால் ஒரு ராத்திரி அங்கே வந்து படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இது நம் ஊர்ச் சண்டை மட்டும் இல்லை என்று மகன் காட்டினான். பிரான்ஸ் நாட்டில் ஓலெரோன் தீவில் மொரீஸ் என்று ஒரு சேவல். லீவுக்கு வந்து தங்குகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் அது கூவுகிறது என்று கோர்ட்டுக்கே போனார்கள். 2019 செப்டம்பரில் சேவல் கூவலாம் என்று தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவர்கள் ஆயிரம் யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று. 2021-ல் கிராமத்துச் சத்தமும் வாசனையும் நாட்டின் பாரம்பரியம் என்று அங்கே சட்டமே போட்டார்கள். நான் எந்தக் கோர்ட்டுக்கும் போகப்போவதில்லை. வெள்ளைக்காரனுக்கும் இதே பாடுதான் என்று தெரிந்ததில் ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பக்கத்துச் சத்தத்துக்கு வருகிறேன். ஒரு வருஷமாக அந்த வீட்டைச் சனி, ஞாயிறு வாடகைக்கு விடுகிறார். நாலைந்து கார் வரும். புல்தரையில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். ராத்திரி ஒரு மணி, ஒன்றரை மணி வரைக்கும் போகும். பாட்டு எனக்குக் கேட்காது, அடி மட்டும்தான் கேட்கும். திண்ணையில் சாய்ந்தால் முதுகில் அதிரும். என் அம்மாவுக்கு எண்பத்தியொரு வயசு, வீசிங் இருக்கிறது. ராத்திரியில் மருந்து போட்டுக் கண்ணசந்தால்தான் மறுநாள் எழுந்து நடக்கும். சனிக்கிழமை ராத்திரி கட்டிலில் உட்கார்ந்தே விடியும். "யாரு வீட்டு எழவுடா இது, மோளத்த நிறுத்தவே மாட்டேங்குறாங்க" என்று ஒரு தடவை கேட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

ஒரு நாள் பதினொன்றரைக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கேட்டில் போய் நின்றேன். ஒரு பையன் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். "ஒரு நாள்தானே அங்கிள், நாளைக்குக் கிளம்பிடுவோம்" என்றான். அவனுக்கு ஒரு நாள்தான். போன வாரம் வந்தவனுக்கும் ஒரு நாள்தான். எங்களுக்கு அது எல்லாச் சனிக்கிழமையும்.

மத்திய அரசு 2000-ல் போட்ட ஒலி மாசு விதிகளில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வெட்டவெளியில் ஸ்பீக்கர் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. என் மிஷின் ஓடியது நாலரைக்கு, அதுவும் அந்தக் கணக்கில் ராத்திரிதான். அதனால்தான் நிறுத்தினேன். ஆனால் இந்த விதியை எடுத்துக்கொண்டு நான் ஒரு நாளும் 100-க்குப் போன் போடவில்லை. அவருக்கு இளநீர் வேண்டுமென்றால் எனக்குப் போன் வரும். மோட்டார் ஓடவில்லை என்றால் எனக்குப் போன் வரும். மாட்டுச் சத்தத்துக்கு மட்டும் எப்படி 100 ஞாபகம் வந்தது? எனக்கு வலித்தது அதுதான். சத்தத்தைப் பற்றிய பேச்சு சுவரைத் தாண்டி வரக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஊரைச் சுற்றி ஸ்டேஷன் வழியாக வந்து சேர்ந்தது.

நாங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. ஊருக்குள் ஒரு சீர் என்றால் முந்தின நாளே பந்தல்காரன் குழாய் கட்டிவிடுவான், காலை ஐந்து மணிக்குப் பக்திப் பாட்டு. இப்போது குழாய் போய் லாரியில் பாக்ஸ் வருகிறது. இந்த மார்ச்சில் என் சொந்தக்காரர் வீட்டுச் சீருக்கு அப்படித்தான் வைத்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு மறுநாள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் சாளைக்கு வந்து படித்தாள். நான் மாமன் முறை, பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் "குறைங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முகதாட்சண்யம், சொல்லவில்லை. வெளியூர்க்காரன் கேட்டில் போய் நிற்கத் தைரியம் வந்தவனுக்குச் சொந்தக்காரன் பந்தலில் வாய் வரவில்லை. இதை எழுதும்போது அதுவும் உறுத்துகிறது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது மேற்குத் தோட்டத்தில் ஆயில் இன்ஜின் ஓடும். டக டக டக என்று ஊருக்கே கேட்கும். அந்தப் பெரியவர் பொழுது சாய வந்து அப்பாவிடம், "இன்னைக்கு ராத்திரி மஞ்சளுக்குத் தண்ணி கட்டோணும் மாப்ள, சத்தமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார். இன்ஜின் அதே சத்தம்தான் போடும், நாங்கள் தூங்கிவிடுவோம். அவர் சொல்லாமல் ஓட்டிய ஒரு ராத்திரி அப்பா விடிய விடியத் திட்டிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போலீஸ்காரர் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவரைப் போய்ப் பார்த்தேன். மிஷினை நிறுத்தியதைச் சொன்னேன். கன்றை விற்ற கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "எனக்குத் தெரியாதுங்கண்ணா, ஏதோ சீக்கு மாட்டைக் கவனிக்காம விட்டுட்டீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார். ஸ்பீக்கரைப் பற்றிப் பேசியதும், "புக்கிங் எல்லாம் ஏஜென்ட் பார்க்கிறார்" என்றார். "ஒரு சனிக்கிழமை எங்க வாசல்ல கட்டல் போட்டுத் தர்றனுங்க, நீங்க வந்து படுங்க" என்றேன். சிரித்தார், வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார், பத்து மணிக்கு மேல் பாட்டு கூடாது என்று, இங்கிலீஷில். போன சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு நின்றது.

நாளைக்குச் சனிக்கிழமை. ஆறு கார் வருகிறதாம், வேலைக்கார அம்மா சொல்லிவிட்டுப் போனது. டார்ச்சை சார்ஜில் போட்டிருக்கிறேன்.