சொந்த விருப்பத்தின் பேரில்

"யாராவது அவரைக் கட்டாயப்படுத்தினாங்களா? அவரா வர்றாரு, இறங்கறாரு, காசு வாங்கறாரு, போறாரு. உனக்கு இதுல என்னடா பிரச்சனை?"

போன வாரம் கேன்டீனில் என் வகுப்புத் தோழன் கேட்ட கேள்வி. செப்டிக் டேங்கில் இறங்கி விஷவாயு தாக்கிச் செத்துப்போகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "தனிமனித சுதந்திரம்" என்று ஒரு வார்த்தையையும் கடைசியில் சேர்த்துக்கொண்டான். அவனவன் வேலையை அவனவன் தேர்ந்தெடுக்கிறான், நடுவில் நாம் யார் என்பது அவன் வாதம்.

நான் அப்போது பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்ற தயக்கம்தான். அந்தத் தயக்கத்துக்கான காரணத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது நான் தங்கியிருந்த விடுதியில் மாணவர் குழுவில் இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் நிரம்பி, பின்பக்கம் முழுக்க வழிந்து, நாற்றத்தில் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. லாரிக்காரரைக் கூப்பிட்டோம். அவர் வந்து உறிஞ்சினார். மேலே இருந்த தண்ணீர் போனது. அடியில் பல வருடங்களாகப் படிந்து இறுகிய சகதி அப்படியே கிடந்தது. அதை எடுக்க வேண்டுமானால் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைக்கிற மெஷின் வேண்டும், கூடுதலாக நாலைந்து நடை அடிக்க வேண்டும், இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகை சொன்னார். இன்னொருவர் "எதுக்கு சார் அவ்ளோ செலவு? ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வர்றேன், மதியத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். இரண்டுக்கும் வித்தியாசம் 9000 ரூபாய். விடுதியில் நாங்கள் 210 பேர். தலைக்கு 43 ரூபாய் வருகிறது. மூணு டீ குடிக்கிற காசு.

குழுவில் ஓட்டெடுப்பெல்லாம் நடக்கவில்லை. யாரும் யோசிக்கக்கூட இல்லை. "கம்மியா வர்றதையே பண்ணிடலாம்" என்று முடிந்துபோனது. தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். எதற்கும் ஒரு பேப்பர் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்த வேலையைச் செய்கிறேன். எனக்கு ஏதேனும் நேர்ந்தால் விடுதி நிர்வாகம் பொறுப்பல்ல." அவ்வளவுதான், இரண்டு வரி. வந்தவருக்கு என் அப்பா வயது இருக்கும். "படிச்சுப் பாருங்கண்ணே" என்றேன். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் அவருக்கு சார். எனக்கு அப்போது 19 வயது.

இடுப்பில் ஒரு கயிறு, கையில் ஒரு வாளி. முகமூடி கிடையாது, கையுறை கிடையாது. அரை மணி நேரம் கழித்து இருமிக்கொண்டே மேலே வந்தவர், தலை சுற்றுகிறது என்று விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர் தண்ணீர் கேட்டார். என் பையில் இருந்த பாட்டிலை ஓடிப்போய்க் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "பரவால்லண்ணே, நீங்களே வச்சுக்குங்க" என்றேன்.

அன்றைக்கு இரவு நண்பர்கள் "நல்ல மனசுடா உனக்கு" என்றார்கள். நானும் நம்பினேன். அந்த பாட்டிலை நான் ஏன் திருப்பி வாங்கவில்லை என்று யோசிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. வகுப்பில் எவன் வாய் வைத்துக் குடித்தாலும் பிடுங்கிக் குடிக்கிறவன் நான். கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட அன்றைக்குத் தோன்றவில்லை. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கினவன், அதையே தாராள குணம் என்று பேர் வைத்துச் செய்திருக்கிறேன்.

அன்று யாரும் சாகவில்லை. அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை. மலக்குழிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்கு அழுகின முட்டை நாற்றம் உண்டு. ஆனால் அளவு கூடினால் அது முதலில் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று உள்ளே இருப்பவர் நினைக்கிற நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். இன்னும் கொஞ்சம் கூடினால் சில மூச்சுகளிலேயே மயக்கம். மீத்தேன் வேறு நிறைந்து ஆக்சிஜனைத் தள்ளிவிடும். நம் ஊர்ச் செய்திகளில் ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சாவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கிறார். அவரைத் தூக்க இன்னொருவர். அண்ணன் தம்பியாக, அப்பன் மகனாகச் செத்திருக்கிறார்கள்.

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லையாம்.

சரி, கணக்குப் பார்ப்போம். மத்திய அரசு சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களைப் பற்றி விவரம் சேகரித்து, 2024-ல் சுமார் 38,000 பேரின் விவரம் வெளியானது. அதில் 68.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். பொதுப் பிரிவினர் 8 சதவீதம்தான். இது சுதந்திரமான தேர்வு என்றால், இந்தத் தேர்வு ஏன் சாதி பார்த்துப் போகிறது? வேலையில்லாத பட்டதாரிகள் எல்லா சாதியிலும் இருக்கிறார்கள். ஏழைகள் எல்லா சாதியிலும் இருக்கிறார்கள். பசி எல்லோருக்கும் பொது, மலக்குழி மட்டும் ஏன் சிலருக்கு? சாதி அமைப்பில் ஒருவன் தன் தொழிலைத் தேர்ந்தெடுப்பதில்லை, பிறப்பு அவனுக்காக முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிடுகிறது என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். நாம் இன்னமும் அதற்கு விருப்பம் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

சுதந்திரத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்: "முடியாது" என்று சொன்னால் என்ன ஆகும்? அன்றைக்கு அந்தப் பேப்பரை எழுத முடியாது என்று நான் சொல்லியிருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? இரண்டு பேர் முறைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இறங்க முடியாது என்று அவர் சொல்லியிருந்தால்? அன்றைய கூலி போயிருக்கும். அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். வேறு வேலை கேட்டுப் போனால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். எனக்கு "முடியாது" இலவசம். அவருக்கு அதன் விலை அடுப்பு எரியாத ஒரு வீடு. உண்மையில் விருப்பத்தோடு செயல்பட்டது நான்தான். ஆனால் விருப்பம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியது அவரிடம். இதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்க்கையில் எழுதியதில்லை.

சட்டமும் அந்தப் பேப்பரைக் குப்பை என்றுதான் சொல்கிறது. 1993-ல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-ல் இன்னொன்று வந்தது. பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது இந்தச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறங்குகிறவர் சம்மதித்தாரா என்பது கேள்வியே இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆக, அன்றைக்கு எங்கள் விடுதியில் நடந்தது குற்றம். அதற்கு ஆவணம் எழுதியவன் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறான்.

சட்டம் இருந்து என்ன ஆனது? 2019 முதல் 2023 வரை ஐந்து வருடங்களில் 377 பேர் இப்படி இறந்திருக்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அரசுக் கணக்கில் வந்தது மட்டும் இவ்வளவு. 1993-லிருந்து எடுத்த பட்டியலில் முதல் இடம் எந்த மாநிலத்துக்குத் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்குத்தான். சமூக நீதி மண் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோமே, அதே தமிழ்நாடு.

அடுத்த சப்பைக்கட்டு: "தடை பண்ணினா பாவம், அவங்க பிழைப்பு போயிடும்." இதைச் சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒருவர் பிழைப்பின் மீது இவ்வளவு அக்கறை இருக்கிறவர்கள் அவருக்கு வேறு வேலை தரலாமே? உங்கள் கடையில், உங்கள் ஆபீஸில், உங்கள் மெஸ்ஸில் சமையல் வேலைக்கு வைப்பீர்களா? வைக்க மாட்டீர்கள். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, மலக்குழி மூடியை மட்டும் திறந்து வைத்து, "அய்யோ இதையும் மூடிடாதீங்க, பாவம்" என்றால் அதற்குப் பெயர் இரக்கமா? மெஷின் இல்லை என்றும் சொல்ல முடியாது. கேரள இளைஞர்கள் உருவாக்கிய பாண்டிகூட் என்ற ரோபோ 2018-லேயே திருவனந்தபுரத்தில் மேன்ஹோலில் இறங்கிவிட்டது. செப்டிக் டேங்குக்கு என்றே சென்னை ஐஐடியில் ஹோமோசெப் என்ற ரோபோவை உருவாக்கினார்கள். மெஷினை ஓட்டுகிற வேலையை, பயிற்சி கொடுத்து, அதே தொழிலாளர்களுக்குக் கொடுத்தால் பிழைப்பும் போகாது, உயிரும் போகாது.

கடைசியாக, உதவி. நாம் உதவி செய்யாதவர்கள் இல்லை. தீபாவளிக்குப் பழைய துணி சேகரித்துக் கொடுத்தோம், போட்டோவும் எடுத்தோம். கொரோனா காலத்தில் ஊர் ஊராகத் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள், காலைக் கழுவிப் பாதபூஜை செய்தார்கள். அதே பணியாளர்கள் 2025 ஆகஸ்டில், தங்கள் மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை கூடி இலவசக் காலை உணவு உள்ளிட்ட ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது. காப்பீடு, வீடு எல்லாம் அதில் உண்டு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது வேலை. கிடைத்தது இட்லி. கேட்டதைக் கொடுத்தால் உரிமை ஆகிவிடும், கேட்காததைக் கொடுத்தால் நாம் வள்ளல் ஆகிவிடலாம். அரசாங்கமும் நானும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறோம். அவர்கள் கொடுத்தது காலை உணவு, நான் கொடுத்தது பாட்டில்.

அந்த மனிதருக்கு அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டிய உதவி 43 ரூபாய். என் பங்கு 43 ரூபாயைப் போட்டுவிட்டு, "மெஷின் வரட்டும், அதுவரை வெளியே சாப்பிட்டுக்கலாம்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தியாகம் எதுவும் தேவைப்படவில்லை. வாயைத் திறந்தால் போதும், நான் திறக்கவில்லை.

வகுப்புத் தோழர்களுக்கும், என்னை யாரென்றே தெரியாமல் படிப்பவர்களுக்கும் ஒரே வேண்டுகோள். உங்கள் விடுதியிலோ, அபார்ட்மெண்டிலோ, வாடகை வீட்டிலோ செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது, எப்படி சுத்தமானது என்று இந்த வாரம் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை லாரி வைத்து எடுத்துவிட்டால் சகதி இறுகாது, ஆளை இறக்க வேண்டிய பேச்சே வராது. நிரம்பினால் 14420 என்ற அரசு உதவி எண் இருக்கிறது, கூப்பிடுங்கள். "ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வர்றேன்" என்று யாராவது சொன்னால், அது குற்றம் என்று சத்தமாகச் சொல்லுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும்.

என் நண்பனுக்கு இப்போது என் பதில்: டேய், கட்டாயப்படுத்தினது யாருன்னு கேட்டேல்ல? நான்தான்டா. நல்ல கையெழுத்துல எழுதியே கொடுத்திருக்கேன்.