டிராமுக்குத் தப்பியவர்கள்

கிரிக்கெட்டை விட்டால் வேறு ஆட்டமே தெரியாது என்கிறீர்களா? பரவாயில்லை. அமெரிக்காவின் பேஸ்பால் விதிகள் எனக்கும் முழுசாப் புரியாது. ஆனா அந்த அணிகளின் பெயர்கள் இருக்கிறதே... அது தனிக்கதை.

1890களில் புரூக்ளினில் குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்தது. எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்! ஆனால், குதிரை வேகத்துக்குப் பழகிய ஜனங்கள் மோட்டார் வேகத்துக்குப் பழகியிருக்கவில்லை. பலர் அடிபட்டுச் செத்தார்கள். தெருவைத் தாண்டுவதே பெரிய வித்தையாகிவிட்ட அந்த ஊர்க்காரர்களுக்கு 'டிராலி டாட்ஜர்', அதாவது டிராமுக்குத் தப்புகிறவன் என்று கேலிப்பெயர் வந்தது. அது ஊர் அணிக்கும் ஒட்டிக்கொண்டது.

அதே அணிக்கு வேறு பெயர்களும் இருந்தன. 1888 வாக்கில் ஆட்டக்காரர்கள் சிலர் அடுத்தடுத்துக் கல்யாணம் செய்துகொள்ள, 'பிரைட்குரூம்ஸ்' ஆனார்கள். மாப்பிள்ளைகள் அணி! வில்பர்ட் ராபின்சன் மேனேஜராக இருந்தபோது 'ராபின்ஸ்'. இதெல்லாம் முதலாளி உட்கார்ந்து யோசித்து வைத்ததல்ல. பத்திரிகைக்காரனும் ரசிகனும் வைத்தது. 1932ல்தான் டாட்ஜர்ஸ் என்று நிலைத்தது. 1947ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர், வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய லீகில் காலடி வைத்ததும் இந்தப் பெயரைச் சட்டையில் தாங்கித்தான்.

1956ல் புரூக்ளினில் கடைசி டிராமும் நின்றது. 1957 சீசன் முடிந்ததும் முதலாளி வால்டர் ஓ'மாலி அணியையே லாஸ் ஏஞ்சல்சுக்குக் கொண்டுபோய்விட்டார். அணி அவர் சொத்து, சரி. பெயர் யார் சொத்து? டிராமில் அடிபட்டவன் கொடுத்த பெயரய்யா அது! அதையும் மூட்டை கட்டிப் போனது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

கிளீவ்லாந்து கதை வேறு மாதிரி. நாப் லாஜாய் என்ற நட்சத்திரத்தின் பெயரால் 'நாப்ஸ்' என்றிருந்தார்கள். அவர் விலகியதும் 1915ல் 'இந்தியன்ஸ்' ஆனார்கள். நம்மைச் சொல்லவில்லை, கொலம்பஸ் செய்த தவறால் அந்தப் பெயரைச் சுமக்கும் அமெரிக்கப் பூர்வகுடிகளை! அந்த ஊரில் முன்பு ஆடிய பூர்வகுடி வீரர் லூயிஸ் சொக்கலெக்சிசைக் கௌரவிக்கத்தான் வைத்தோம் என்று பின்னால் சொன்னார்கள். அவர் ஆடியபோது கேலரியிலிருந்து ஊளையிட்டுக் கேலி செய்தது யாராம்? பிறகு சிவப்பு மூஞ்சி, இளிக்கும் பல், தலையில் இறகு என்று ஒரு பொம்மையைச் சட்டையில் குத்திக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆடினார்கள். 2018 சீசனோடு அந்தப் பொம்மை சட்டையை விட்டுப் போனது. 2022ல் அணியே 'கார்டியன்ஸ்' ஆனது.

"பாரம்பரியம் போச்சே!" என்று பலர் புலம்பினார்கள். எந்தப் பாரம்பரியம்? அதற்கு முன்னாலும் பெயர் மாறித்தானே வந்திருக்கிறது? தன் மேல் தானே ஒட்டிக்கொண்ட கேலி ஒன்று. அடுத்தவன் முகத்தில் ஒட்டிய கேலி வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 1912ல் பாஸ்டனில் 'பிரேவ்ஸ்' என்று பெயர் வைத்த அணி இன்று அட்லாண்டாவில் அதே பெயரில்தான் ஆடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுப்பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? மைதானத்துக்குப் பக்கத்துப் பாலத்திலிருந்து! சிவில் நண்பர்களே, கவனியுங்கள். 1932ல் திறந்த அந்தப் பாலத்தில் பிரம்மாண்டமான கற்சிலைகள் நிற்கின்றன. வைக்கோல் வண்டி முதல் லாரி வரை, ஆளுக்கொரு வண்டியைக் கையில் ஏந்திய 'போக்குவரத்துக் காவலர்கள்'. இதில் ஒரு கூத்து: அந்த ஊரில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ரோலர் டெர்பி ஸ்கேட்டிங் அணி இருந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021லேயே சமரசமாகி, இப்போது இரண்டு அணிக்கும் ஒரே பெயர்!