பரணில் படுக்கையறையா? முதலில் படிக்கட்டு!

தமிழ்நாட்டு வீடுகளில் பரண் என்றால் பித்தளை அண்டாவும் பழைய பெட்டிகளும் ஏறிக் கிடக்கும் இடம். இங்கிலாந்து வீடுகளில் சரிவான ஓட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் காலி இடம்தான் பரண். பெரிய வீடு வாங்க வசதிப்படாத லண்டன் குடும்பங்கள் பல அதையே படுக்கையறை ஆக்கிக்கொள்கின்றன. நல்ல யோசனைதான். தோட்டம் குறையாது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறாது, வீடு மாறும் செலவும் இல்லை.

குழப்பம் வருவது அனுமதி விஷயத்தில். வரிசை வீடுகளில் 40 கன மீட்டர், மற்ற வீடுகளில் 50 கன மீட்டர் வரை, சில நிபந்தனைகளோடு, திட்ட அனுமதி கேட்காமலே கூரையைப் பெரிதாக்கலாம். உடனே பலரும் 'எந்த அனுமதியும் தேவையில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. பரணை அறையாக்கக் கட்டட விதிகளின்படி தனி ஒப்புதல் வேண்டும். அது வெறும் காகித வேலையும் அல்ல.

பரணின் அடியில் ஓடும் மரச்சட்டங்கள் கீழ் அறையின் கூரையைத் தாங்கப் போட்டவை. கட்டிலும் பீரோவும் ஆட்களும் ஏறினால் தாங்காது. தரைக்குப் புதுச் சட்டங்கள் வேண்டும். அதைவிட முக்கியம் தீ. இரண்டு தள வீட்டில் பரண் மூன்றாவது தளமாகிவிடுகிறது. அந்த உயரத்தில் ஜன்னல் வழியே குதித்துத் தப்ப முடியாது. அதனால்தான் வாசல்வரை இறங்கும் படிக்கட்டைச் சுற்றி அரை மணி நேரம் தீயைத் தாங்கும் சுவர்கள், தீ தாங்கும் கதவுகள், தளத்துக்குத் தளம் இணைக்கப்பட்ட புகை எச்சரிக்கைக் கருவிகள் என்று விதிகள் கேட்கின்றன.

இதையெல்லாம் விட்டுவிட்டு, மடக்கு ஏணி ஒன்றை மாட்டி, கம்பளம் விரித்து, 'படுக்கையறை தயார்' என்பவர்களும் உண்டு. படிக்கட்டு போட்டால் கீழே பாதி அறை போய்விடும் என்பது அவர்கள் வாதம். இடம் போவது உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அங்கே தூங்கப்போவது யார்? பெரும்பாலும் வளர்ந்த பிள்ளை, விருந்தாளி, இல்லையென்றால் வாடகைக்கு வந்தவர். பணத்தை மிச்சம் பிடித்தவர் ஒருவர், ஆபத்தைச் சுமப்பவர் வேறொருவர். புகை மேல்நோக்கித்தான் போகும். நள்ளிரவில் அந்த இருட்டில் ஏணியைத் தேடி இறங்க வேண்டும்.

வீட்டை விற்கும்போதும் வாங்குபவரின் வழக்கறிஞர் பணி நிறைவுச் சான்றிதழைக் கேட்பார். அது இல்லையென்றால் செலவழித்துக் கட்டியதைப் படுக்கையறை என்று சொல்லி விற்பதே சிக்கல்.

ஆகவே வரைபடத்தில் முதலில் வர வேண்டியது ஜன்னல் அல்ல, படிக்கட்டு. அதற்கு இடமில்லாத வீட்டில் பரண் பரணாகவே இருக்கட்டும். பழைய பெட்டிகள் அங்கே நிம்மதியாகத் தூங்கும். மனிதர்கள் தூங்க வேண்டாம்.