பாதம் படிக்கப் போகிறவள்

வரும் செப்டம்பரில் என் சித்தி மகள் பாத மருத்துவம் படிக்க இங்கிலாந்து போகிறாள். போடியாட்ரி என்பார்கள். கால் ஆணி, பித்தவெடிப்பு, சதைக்குள் வளரும் நகம் தொடங்கி சர்க்கரை நோயாளியின் ஆறாத புண் வரை, பாதத்தின் அத்தனை சிக்கல்களையும் பார்க்கிற தனிப் படிப்பு. இங்கே பிசியோதெரபி முடித்தவள். அங்கே இரண்டாண்டு முதுகலை. செய்தி தெரிந்ததும் எங்கள் தெருவில் எழுந்த முதல் கேள்வி இதுதான்: "காலைப் பாக்குறதுக்கா அவ்ளோ தூரம் போவணும்?"

கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருதயத்துக்கு மருத்துவர் உண்டு, கண்ணுக்கு உண்டு, பல்லுக்கு உண்டு. காலுக்கென்று ஒருவர் இருக்க முடியும் என்பதை இந்த நாடு அவர்களுக்குக் காட்டியதே இல்லை. ஏன் காட்டவில்லை என்பதும், அந்தப் படிப்புக்கு ஒரு சேரிப் பெண் கிளம்புவதற்கு என்னவெல்லாம் தேவைப்படுகிறது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

காலுக்கும் சாதி உண்டு

புருஷ சூக்தம் வாயில் பிறந்தவன் பார்ப்பனன், காலில் பிறந்தவன் சூத்திரன் என்று உடம்பையே ஏணியாக்கி வைத்தது. பஞ்சமருக்கு அந்தக் கால்கூட ஒதுக்கப்படவில்லை. இப்படிப்பட்ட சமூகத்தில் கால் வெறும் உறுப்பாக இருக்க முடியாது. யார் யார் காலில் விழ வேண்டும், யார் காலில் செருப்பு இருக்கலாம், யார் கால் எந்தத் தெருவில் படலாம் என்பதெல்லாம் சாதி எழுதிய சட்டங்கள். ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாங்கள். செருப்பைத் தைத்துக் கொடுத்தவரையே தீண்டத்தகாதவர் என்று சொல்லிவிட்டு, அவர் தைத்த செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நடந்த ஊர் இது.

டெல்டாவின் கதை இன்னும் ஒரு படி கீழே போகிறது. இங்கே பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தோழர்கள் வந்து, சேரி மக்கள் செங்கொடியின் கீழ் திரண்டு, 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அவை அதிகாரபூர்வமாக ஒழிந்தன. அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். காவிரித் தண்ணீரைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கில்லை. அந்தத் தண்ணீரில் நாள் முழுக்க நின்ற கால்களைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்?

நடவு நடும் பெண்ணின் காலைப் பாருங்கள். காலையில் சேற்றில் இறங்கினால் மதியம் தாண்டித்தான் கரையேறுகிறாள். குனிந்தபடி பின்பக்கமாகவே நகர்கிறாள். அவள் கால் எதை மிதிக்கப்போகிறது என்பதை அவள் கண் பார்ப்பதில்லை. விரலிடுக்கில் சேற்றுப்புண். அதற்கு இராத்திரி அரைத்துப் போடும் மருதாணிதான் எங்கள் தெருவின் பாத மருத்துவம். வெறும் சேற்றுப்புண்ணோடு முடிந்தால் மருதாணி போதும். கூடவே சர்க்கரை நோயும் வந்துவிட்டால் போதாது.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். பணக்கார நோய் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ரேஷன் அரிசியை நம்பி வாழும் வீடுகளுக்குள் அது எப்போதோ வந்துவிட்டது. சர்க்கரை நாள்பட்டால் காலில் நரம்பு மரத்துப்போகும். அறுத்த தாள் குத்தினாலும் கருவேல முள் ஏறினாலும் தெரியாது. வலிக்காத புண்ணை யாரும் கவனிப்பதில்லை. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. சீழ் பிடிக்கும், எலும்பு வரை போகும், பிறகு வெட்டுவதுதான் வழி என்பார்கள். வெறுங்காலோடு வேலை செய்கிறவருக்கு இந்தப் பாதை மிகக் குறுகியது. என் சித்தப்பா அந்தப் பாதையில்தான் முழங்காலுக்குக் கீழே இழந்தார். கட்டுப் பிரித்த இடத்தில் ஒருவர், மூக்கைப் பொத்திக்கொண்டு, தொடாமலே குச்சியால் காட்டி, "எந்தத் தெரு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மகளுக்கு அப்போது பதினைந்து வயது. இந்தப் படிப்பை அவள் ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று நான் கேட்டதில்லை.

இங்கே பிறந்த அறிவு

இந்த அறிவு இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டுமா? இதன் முக்கியமான ஒரு பகுதி தமிழ்நாட்டில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்று உலகமே நம்பிய காலம். அவர் கண்டது வேறு. நோய் நரம்பைத் தாக்கி வலியை அழிக்கிறது. வலி இல்லாததால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அழுத்தம் விழுந்து, காயம் பட்டு, கவனிக்கப்படாமல் கால் கரைகிறது. ஆகவே அழுத்தத்தைப் பரப்பிவிட்டால் காலைக் காப்பாற்றலாம். வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் மருத்துவர்களும் செருப்புத் தயாரிப்பவர்களும் சேர்ந்து, நுண்துளை ரப்பர் வைத்த காலணிகளை உருவாக்கினார்கள். 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோயாளியின் மரத்துப்போன காலில் கற்ற பாடம் அங்கே சர்க்கரை நோயாளியின் மரத்துப்போன காலுக்கும் பயன்பட்டது.

அந்த ஆய்வுக்குத் தம் கால்களைக் கொடுத்தவர்கள் யார்? ஊரும் உறவும் ஒதுக்கிய, பெரும்பாலும் ஏழைகளான தமிழர்கள். ஒதுக்கப்பட்டவர்களின் காலிலிருந்தும் செருப்புத் தைக்கும் கைகளின் திறனிலிருந்தும் எழுந்த அறிவு கடல் தாண்டிப் போனது. அங்கே பட்டப்படிப்பாக, உரிமம் பெற்ற தொழிலாக நிற்கும் துறையை, இப்போது ஒரு கூலித் தொழிலாளியின் மகள் பவுண்டு கணக்கில் கட்டணம் கட்டிக் கற்கப் போகிறாள். இங்கிலாந்தில் உரிய மன்றத்தில் பதிவு செய்யாதவர் தன்னை போடியாட்ரிஸ்ட் என்று அழைத்துக்கொள்வதே சட்டப்படி குற்றம். இங்கே 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் பாத மருத்துவரும் இருக்கிறார். ஆனால் அந்தப் பட்டத்தைத் தரும் இளங்கலைப் படிப்பு நம் அரசுக் கல்லூரிகளில் இல்லை. 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தஞ்சை மாவட்டத்தில்தான் முன்னோட்டமாகத் தொடங்கியது. நல்ல திட்டம். பாதத்தைப் பாதுகாக்கப் படித்தவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

28 நாள்

வெளிநாட்டுப் படிப்புக்குத் தயாராவது எப்படி என்று இணையத்தில் தேடினால் கம்பளிச் சட்டை, பிரஷர் குக்கர், மசாலாப் பொடி என்று பட்டியல் வருகிறது. எங்கள் வீட்டுப் பட்டியல் வேறு மாதிரி இருந்தது.

இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு, கட்டணத்தில் மீதியும் ஒன்பது மாதம் வரையிலான வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை, வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்ததைக் காட்ட வேண்டும். ஒரு நாள்கூட அந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. இதைத் தவிர சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, காசநோய்ப் பரிசோதனை, விசாக் கட்டணம், விமானச் சீட்டு. நிலம் உள்ளவர் நிலத்தைக் காட்டிக் கடன் வாங்குவார். வெளிநாட்டில் மாமா இருப்பவர் மாமாவைக் கேட்பார். கீழத்தஞ்சையின் தலித் குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்கு நிலம் இல்லை. நடவுக் கூலி சனிக்கிழமை வரும், ஞாயிற்றுக்கிழமை போகும். எங்கள் தெருவில் எந்தக் கணக்கில் எந்தத் தொகை 28 நாள் அசையாமல் இருந்திருக்கிறது?

இந்த இடைவெளியில்தான் ஒரு தொழில் முளைத்திருக்கிறது. கணக்கில் காட்டுவதற்கு மட்டும் பணம் தந்து, வேலை முடிந்ததும் வட்டியோடு எடுத்துக்கொள்ளும் ஆட்கள். அசலைச் செலவழிக்கவே கூடாத கடனுக்கு வட்டி கட்டுகிற விசித்திரம் இது.

அரசின் உதவித்தொகை கிடைத்தால் இந்த 28 நாள் சிக்கலே இல்லை. முழுச் செலவையும் ஏற்கும் அரசின் கடிதம் ஒன்றே போதும். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. மொத்தம் 125 இடம், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. நாட்டின் பட்டியல் சாதி மக்கள்தொகை 2011 கணக்கின்படியே 20 கோடிக்கு மேல். அந்த 115 இடத்துக்குள் நுழையவும் தரவரிசை என்னும் வாசற்படியைத் தாண்ட வேண்டும்: க்யூ.எஸ். பட்டியலில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். பாத மருத்துவம் போன்ற கைத்தொழில் சார்ந்த படிப்புகளைப் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் பின்னால் நிற்கும் பல்கலைக்கழகங்கள்தான் நடத்துகின்றன. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும்தான் உதவி என்பதால், அங்கே மூன்றாண்டு இளங்கலையாகவே இதைப் படிக்க நினைப்பவருக்கு அந்தக் கதவும் இல்லை. 2022இல் இந்தியச் சமூகம், வரலாறு, பண்பாடு பற்றிய தலைப்புகளையே விலக்கினார்கள். 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். சேர்க்கைக் கடிதம் கையில் வைத்துக்கொண்டு ஜூலை மாதத்தில் காத்திருக்கிற மாணவருக்கு அந்த வாக்கியத்தின் பொருள் என்னவென்று கேட்டுப் பாருங்கள்.

அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குப் போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில். ஒரு மன்னரின் நல்லெண்ணத்தில் ஒருவர் போனார். குடியரசாகி முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் அது உரிமையாக மாறாமல், நல்லெண்ணமாகவே நீடிப்பது நமக்கு இழுக்கு. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் கொண்டுவந்திருப்பதை வரவேற்க வேண்டும். எந்தத் திட்டமானாலும் கடிதம் எப்போது கைக்கு வருகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. செப்டம்பர் வகுப்புக்கு அக்டோபரில் வரும் ஆணை, கந்துவட்டிக்காரருக்கு அரசு செய்யும் உதவி.

மறுபடியும் காலைத் தொடுவதா?

ஒரு தோழர் என்னிடம் நேராகவே கேட்டார்: "தலைமுறை தலைமுறையாக அவர்கள் காலடியில் இருந்தோம். படித்து மேலே வந்த பிறகும் போய்க் காலைத் தொட வேண்டுமா?"

நியாயமான கோபம். ஆனால் காலைத் தொடுவதில் இழிவு இல்லை. யார் தொட வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்ததுதான் இழிவு. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து அடுக்கியது என்று அம்பேத்கர் 'சாதி ஒழிப்'பில் விளக்கினார். விரும்பித் தேர்ந்து, படித்து, பதிவு பெற்று, கட்டணம் வாங்கிக்கொண்டு, "இந்தப் புண்ணோடு நீங்கள் நாளை நடக்கக் கூடாது" என்று நோயாளியிடம் அதிகாரத்தோடு சொல்கிற பெண், யாருடைய காலடியிலும் இல்லை. வயல்காரர் வந்தாலும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டியது அவள் முன்னால்தான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நாளை இந்தத் துறை இங்கே வளரும்போது, புண்ணைப் பார்ப்பவர் மருத்துவர், காலணி செய்பவர் வெறும் தொழிலாளி என்று மறுபடி இரண்டு படி கட்டிவிடுவார்கள். சர்க்கரை நோயாளிக்கான காலணியை வடிவமைப்பது அறிவியல். தலைமுறைகளாகத் தோலையும் காலையும் அறிந்த அருந்ததியர் பிள்ளைகளுக்கு அந்த அறிவியலின் பட்டமும் சம்பளமும் போக வேண்டும். தைக்கிற கூலி மட்டும் போனால் அது பழைய ஏற்பாடேதான்.

அவள் பெட்டியில் இன்னும் ஒன்று

சாதியும் விமானம் ஏறும். அங்கே வாடகை அறை தேடும்போது சொந்த ஊர் எது, அசைவம் சமைப்பீர்களா என்று கேட்கப்போகிறவர்கள் நம்மவர்கள்தான். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி இருந்தும், 2018இல் அந்த அரசு தனிச் சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று முடிவெடுத்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். ஆகவே புதிதாகப் போகிறவர்கள் அங்குள்ள அம்பேத்கரிய, பெரியாரிய வட்டங்களின் தொடர்பை இங்கிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். முன்னால் போனவர்கள் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவதும் ஒரு வாரம் படுக்க இடம் தருவதும் இயக்க வேலைதான்.

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. உதவித்தொகை ஆணைகள் ஜூன் மாதத்துக்குள் கையில் கிடைக்க வேண்டும். தரவரிசையை மட்டும் பார்க்காமல், அந்தந்தத் தொழிலின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளை ஏற்க வேண்டும். தொழில்முறை இளங்கலைப் படிப்புகளையும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில், இட ஒதுக்கீட்டோடும் விடுதியோடும், பாத மருத்துவத்தில் பட்டப்படிப்பு தொடங்க வேண்டும்.

அவள் கிளம்பும் நேரம் டெல்டாவில் சம்பா வேலை தொடங்கியிருக்கும். சித்தி நடவுக்குப் போயிருப்பாள். இரண்டு ஆண்டில் திரும்பி வருகிறேன் என்கிறாள் அவள். வந்தால் உட்கார்ந்து பார்க்க இங்கே ஓர் அரசுப் பணியிடம் இருக்குமா என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுக்குள் நாம்தான் பதில் வாங்கி வைக்க வேண்டும்.